சூரைச்செடியின் கீழே

அன்பானவர்களே, துன்ப நேரத்தில் சமாதானம் என்பதுதான் இன்றைக்கு எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. ஆரம்பிக்கும் முன் ஒரு வேண்டுகோள். மனம் நொந்து இங்கே வந்திருப்பவர்கள், எனக்காக முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டாம். இருக்கிறபடியே இருங்கள்.

முதலாம் இராஜாக்கள் புத்தகம், 19ஆம் அதிகாரம். தீர்க்கதரிசி எலியா. அதற்கு முந்தின அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் அவர் ஜெபிக்க, வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. அப்பேர்ப்பட்டவர், யேசபேல் ராணியின் ஒரு மிரட்டலுக்கு உயிர் தப்ப ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுகிறார்.

தேவன் என்ன செய்தார்? "உன் விசுவாசம் எங்கே போயிற்று?" என்று கேட்கவில்லை. ஒரு தூதன் வந்து தட்டி எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். அதற்கும் திட்டு இல்லை. தூதன் இரண்டாம் தரமும் வந்து எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்கிறான். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி, 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது.

என் அம்மா உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த நாட்களில் நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வசனம் சொன்னார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. ஒரு ராத்திரி, சபையில் இருக்கும் வயதான ஒரு அம்மா ஃபிளாஸ்க்கில் பால் கொண்டுவந்தார். மூடியில் ஊற்றி, ஊதி ஆற்றி, என் கையில் கொடுத்து, "முதல்ல இதைக் குடி தம்பி, ஜெபம் அப்புறம்" என்றார். குடித்தேன். அதற்கப்புறம்தான் அழுகையே வந்தது. அவர் எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எலியாவின் கதை எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

அம்மா பிழைக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். சமாதானம் என்று நான் சொல்வது, கேட்டது கிடைத்ததால் வந்த நிம்மதி அல்ல.

அந்த நாட்களில் நான் பிடித்துக்கொண்டது 13ஆம் சங்கீதம். ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று தாவீது நான்கு தரம் கேட்கிறார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" இதை நாம் கேட்டால் அவிசுவாசம் என்கிறார்கள், வேதத்தில் அது ஜெபமாகவே நிற்கிறது. முறையிடுகிறவன் தேவனை விட்டுப் போனவன் அல்ல, அவருடைய முகத்தைப் பார்த்துத்தானே கேட்கிறான்!

பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். துக்கத்தில் இருப்பவர்களிடம் நாம் "ஒன்றுக்கும் கவலைப்படாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் அங்கே நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் குறித்து உங்கள் விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்கிறார். எல்லாவற்றையும்! கடன், நோய், பிள்ளையைப் பற்றிய பயம், வெளியே சொல்ல முடியாத கோபம், எல்லாமே அதில் அடங்கும். அதற்குப் பிறகுதான், எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் உங்கள் இருதயங்களைக் "காத்துக்கொள்ளும்" என்கிறார். அந்த இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது, படைவீரர்கள் காவல் நிற்பதைக் குறிக்கும் சொல். இதை எழுதும்போது பவுலே கட்டுண்டு காவலில் இருந்தார். தன்னைச் சுற்றி நின்ற காவலைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு காவலைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன். கட்டு அவிழவில்லை. ஆனாலும் உள்ளே ஒரு காவல் நின்றது.

"என்னுடைய சமாதானத்தையே உங்களுக்குக் கொடுக்கிறேன்" என்று ஆண்டவர் இயேசு சொன்னதும் எந்த ராத்திரியில்? அவர் பிடிபட்ட ராத்திரியில். சில மணி நேரத்துக்குள் கெத்செமனே தோட்டத்தில், "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்று அவரே சொல்லப்போகிறார். துக்கமும் சமாதானமும் ஒரே ராத்திரியில் ஒரே இருதயத்தில் இருந்தன.

இப்போது ஜெபிப்போம். நிற்க முடிந்தவர்கள் நில்லுங்கள். முடியாதவர்கள் உட்கார்ந்தே இருங்கள். முதல் இரண்டு நிமிடம் நான் ஒன்றும் பேசப்போவதில்லை. உங்கள் "எதுவரைக்கும்" எதுவோ, அதை அவரிடம் சொல்லுங்கள்.