நனைப்பது சுலபம், உலர்த்துவதுதான் தொழில்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சொந்தமாக ஏதாவது சிறு தொழில் தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக, கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழிலைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். சென்னையில் நான் இந்தத் தொழிலைத்தான் செய்து வருகிறேன்.

"நம் ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் கார்ப்பெட் யார் போடுகிறார்கள்?" என்று பலரும் கேட்பதுண்டு. நான் இப்போது உட்கார்ந்து பேசுகிற இந்த ஒலிப்பதிவு அறையிலேயே, எதிரொலி வராமல் இருக்கக் கீழே கார்ப்பெட் போட்டிருக்கிறார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிற ஐ.டி. அலுவலகங்களில் மாடி மாடியாக இருக்கிறது. அங்கே பெரும்பாலும் 50 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக ஒட்டியிருப்பார்கள். சினிமா தியேட்டர், ஓட்டல், கல்யாண மண்டபம், பள்ளிவாசல், தேவாலயம், இவை போக வீடுகளில் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் விரிப்பு, அப்புறம் அந்த சோபாவே. ஆக, வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரே இயந்திரத்தை வைத்து கார்ப்பெட், சோபா, மெத்தை, கார் இருக்கை நான்கையும் செய்யலாம் என்பதால்தான் சிறு முதலீட்டில் இறங்குகிறவர்களுக்கு இது தோதான தொழில் என்கிறேன்.

புதிதாக வருகிறவர்களில் பலர் இயந்திரத்தை வாங்கிவிட்டால் தொழில் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அது ஒரு கருவி, அவ்வளவுதான். உள்ளே இரண்டு தொட்டிகள் இருக்கும். ஒன்றிலிருந்து மருந்து, அதாவது அழுக்கு நீக்கும் ஷாம்பு போன்ற திரவம், கலந்த தண்ணீரைப் பம்ப் பீய்ச்சும். பீய்ச்சிய தண்ணீரை அழுக்கோடு சேர்த்து மோட்டார் உறிஞ்சி இன்னொரு தொட்டியில் சேர்க்கும். பீய்ச்சுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். உறிஞ்சி எடுப்பதில்தான் தொழில்காரர் யார் என்று தெரியும். விட்ட தண்ணீரை எவ்வளவு திரும்ப எடுக்கிறோம், மிச்ச ஈரத்தை எவ்வளவு சீக்கிரம் உலர்த்துகிறோம் என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்.

முதலில் ஈரமில்லாத வேலை. கார்ப்பெட்டில் இருக்கும் அழுக்கில் பெரும்பகுதி காய்ந்த மண்ணும் தூசியும்தான். அதைத் தூசி உறிஞ்சும் வேக்குவத்தால் எடுக்காமல் தண்ணீரைப் பீய்ச்சினால் உள்ளேயே சேறாகிவிடும். அதனால் நிதானமாக, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வேக்குவம் போட வேண்டும். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று, "தம்பி, இன்னும் தண்ணியே தெளிக்கலையே?" என்று கேட்பார். அவசரப்படாதீர்கள். வேக்குவத்தின் பையைத் திறந்து காட்டுங்கள், அவரே புரிந்துகொள்வார்.

அடுத்தது இழை. எந்த நூல் என்று தெரியாமல் மருந்து தெளிக்கவே கூடாது. ஓரத்தில் இருந்து ஒரே ஒரு இழையைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்து, விரிப்புக்குத் தள்ளிப்போய் நெருப்பில் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி அல்லது பட்டு. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை. காகிதம் எரிகிற வாடை வந்தால் பருத்தி அல்லது மரக்கூழில் இருந்து செய்யும் விஸ்கோஸ். இந்த விஸ்கோஸிடம் ஜாக்கிரதை. பட்டு மாதிரி பளபளக்கும், பட்டு என்று சொல்லியே விற்பவர்களும் உண்டு. நனைந்தால் பலம் இழந்துவிடும், மஞ்சள் பாரித்துவிடும். கம்பளிக்குச் சலவை சோடா மாதிரி காரத்தன்மை அதிகமான மருந்தோ பிளீச்சிங்கோ ஆகவே ஆகாது. அப்புறம், வெள்ளைத் துணியை நனைத்து ஒரு மூலையில் சற்று நேரம் அழுத்திப் பாருங்கள். துணியில் சாயம் ஏறினால் அந்த விரிப்பை எடுத்துக்கொள்ளாமல் வந்துவிடுவது நல்லது. காஷ்மீர்ப் பட்டுக் கம்பளம் என்றால் நான் இன்றைக்கும் தொடுவதில்லை. அதற்கென்று கைவேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

கறைகளைப் பற்றித் தனியாகவே ஒரு நாள் பேசலாம். நம் வீடுகளில் முக்கியமான கறை சாம்பார்தான். அதில் இருக்கும் மஞ்சள் மேல் காரத்தன்மையுள்ள ஷாம்பு பட்டால், கண் முன்னாலேயே செக்கச்செவேலென்று மாறிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேரும்போது நடப்பதும் இதேதான். ஒரு வீட்டில் என் கூட வந்த பையன் ஷாம்பு தெளித்தவுடன், அந்த வீட்டம்மா "ஐயோ, ரத்தம் மாதிரி ஆயிடுச்சே!" என்று பதறிப்போனார். எலுமிச்சைப் புளிப்புள்ள சிட்ரிக் அமிலக் கரைசலை லேசாகத் தெளித்ததும் சிவப்பு இறங்கி மஞ்சளாகிவிட்டது. அந்த மஞ்சளையும் முழுசாக எடுத்துவிடலாம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மேலோடு எடுத்துவிட்டு வெயிலில் போடச் சொல்லுங்கள், மஞ்சள் சாயம் வெளிச்சத்தில் மங்கும். ரத்தம், பால், முட்டைக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் கறை இழையோடு கெட்டிப்பட்டுவிடும்.

சரி, ஈரத்துக்கு வருகிறேன். ஒரு முறை பீய்ச்சிக்கொண்டே இழுத்தால், அதே இடத்தில் தண்ணீர் விடாமல் வெறும் உறிஞ்சலாக இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டும். இயந்திரத்தின் வாய்ப்பகுதியில் கண்ணாடி மாதிரித் தெரியும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். முதலில் டீ நிறத்தில் ஓடும் தண்ணீர் தெளிந்து, பிறகு வெறும் துளிகளாகி, கடைசியில் ஒன்றுமே ஏறாது. அதுவரை விடக் கூடாது. பிறகு வெள்ளைத் துண்டைப் போட்டுக் காலால் அழுத்திப் பாருங்கள். துண்டு சொதசொதவென்று நனைந்தால் இன்னும் வேலை பாக்கி என்று அர்த்தம். ஈரம் அடியில் தங்கினால் என்ன ஆகும்? அடிப்பக்கம் சணல் என்றால் அதன் பழுப்புச் சாறு மேலே ஏறி புதுக் கறையாக நிற்கும். ஒட்டுப்பசை விட்டுப்போகும். ஓரிரு நாளில் பூஞ்சை வாடை கிளம்பும். மேசை, நாற்காலிகளின் மரக்காலும் இரும்புக்காலும் ஈரத்தில் நின்றால் சாயமும் துருவும் இறங்கும். அதனால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் பிளாஸ்டிக் தாள் வைத்துவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

ஷாம்பு விஷயமும் இதுதான். நிறைய ஊற்றினால் நிறைய சுத்தமாகும் என்பது தவறான நம்பிக்கை. உள்ளே தங்கும் ஷாம்பு பிசுபிசுப்பாகி, வருகிற தூசியை எல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். "கழுவின ரெண்டு வாரத்துல முன்னைவிட அழுக்காயிடுச்சு" என்று யாராவது சொன்னால், அது கழுவியவர் வெறும் தண்ணீரில் அலசி எடுக்காததால் வந்த வினை.

நம் ஊரில் இன்னொரு சங்கடம். வீடுகளில் இருந்து அதிகம் அழைப்பு வருவது தீபாவளிக்கு முன்னால். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். வேலை குவிகிற நேரத்தில்தான் காற்றில் ஈரமும் அதிகம். கோடையில் சாயங்காலத்துக்குள் காய்வது மழை நாளில் மறுநாள் வரை இழுக்கும். மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளி ஈரம்தான் உள்ளே வரும். ஜன்னலைச் சாத்தி, ஏசியை ஓடவிட்டு, மின்விசிறியோடு தரையில் காற்றை வேகமாக ஊதும் ஒரு புளோயரையும் வைக்கச் சொல்கிறேன். அதனால் தொழில் தொடங்கும்போதே இயந்திரத்தோடு சேர்த்து இரண்டு புளோயராவது வாங்கிவிடுங்கள். ஏசி இல்லாத வீடு, அடைமழை என்றால் நான் தேதியைத் தள்ளிவைத்துவிடுவேன். வந்த வருமானத்தை விடுகிறாயே என்பார்கள். நாற்றமடிக்கும் கார்ப்பெட்டால் அந்த அடுக்குமாடி முழுக்கப் பெயர் கெடுவதைவிட அது மேல்.

இந்த வேக்குவம் இயந்திரத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. 1901இல் லண்டனில் ஹியூபர்ட் சிசில் பூத் என்ற பொறியாளர் உறிஞ்சும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது குதிரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிற அளவுக்குப் பெரியது. வண்டியைத் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விட்டுத் தூசியை இழுப்பார்கள். 1902இல் ஏழாம் எட்வர்டு முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்ததும் அந்த இயந்திரம்தான். அவர் செய்தது வீடு தேடிப்போய்ச் சுத்தம் செய்து கொடுக்கிற சேவை. நாம் இன்று ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போவது அதே வேலைதான்.

கூலி கேட்பதில் கூச்சம் வேண்டாம், கணக்கு வேண்டும். ஆறுக்கு ஒன்பது அடி விரிப்பு என்றால் 54 சதுர அடி. சதுர அடிக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், 810 ரூபாய். உதவியாளுக்கு அரை நாள் கூலி 400, ஆட்டோ 150, மருந்தும் துணியும் 60 போனால் கையில் நிற்பது 200. அதிலிருந்துதான் இயந்திரத்தின் தேய்மானமும் உங்கள் உழைப்பும். ஒரு வீட்டுக்காக ஊர் தாண்டிப் போனால் கட்டுப்படியாகாது. அதனால் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்றை வைத்துக்கொண்டு, அதே குடியிருப்பில் இன்னொரு வீட்டையும் அதே நாளில் பிடிக்கப் பாருங்கள். வேலைக்கு முன் பழைய கறைகளை போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். பிறகு வாக்குவாதம் வராது. சூடேற்றும் வசதியுள்ள இயந்திரம் என்றால் டிவி பக்கத்தில் இருக்கும் சின்ன பிளக் தாங்காது. 15 ஆம்பியர் பிளக் எங்கே என்று கேட்டு, கனமான வயருள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியை நீங்களே கொண்டுபோங்கள்.

பணத்துக்கு மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை வங்கியில் கேட்கலாம், பிணை தேவையில்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் கிசோர் பிரிவில் 5 லட்சம் வரை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் இலவசமாகவே செய்துகொள்ளலாம், இடைத்தரகருக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை, இது போன்ற சேவைத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவைப்படாது. மானியக் கடன் பற்றி உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

கடன் வாங்குவதற்கு முன்னால் ஏற்கெனவே இந்த வேலை செய்கிற ஒருவரோடு ஒரு மாதமாவது உதவியாளாகப் போங்கள். முடிந்தால் அந்த மாதம் ஐப்பசியாக இருக்கட்டும். மழைக்காலத்தில் கார்ப்பெட்டை உலர்த்தக் கற்றுக்கொண்டவருக்கு மற்ற மாதங்கள் சிரமம் தராது. நன்றி, வணக்கம்.