சாரட் வண்டியில் வந்த அப்பா

அனைவருக்கும் வணக்கம். 2021 ஜனவரியில் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் கிரிக்கெட் வீரர் நடராஜனைச் சாரட் வண்டியில் ஏற்றி ஊர்வலமாகக் கூட்டிப்போனார்களே, நினைவிருக்கிறதா? டிவி முன்னால் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். ஐ.பி.எல். ஆட அமீரகம் போன மனிதர், அங்கிருந்தே நெட் பவுலராக, அதாவது பயிற்சியில் பந்து வீசிக்கொடுப்பவராக, இந்திய அணியோடு ஆஸ்திரேலியா போனார். ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமாகித் திரும்பினார். நடுவில் நவம்பரில் அவருக்கு மகள் பிறந்திருந்தாள். பிள்ளையைக் கையில் வாங்கியது ஊர் திரும்பிய பிறகுதான்.

அதே பயணத்தில்தான் விராட் கோலி மனைவியின் பிரசவத்துக்காக முதல் டெஸ்ட்டோடு கிளம்பினார். அடிலெய்டில் நாம் 36 ரன்னில் சுருண்டிருந்த நேரம் அது. நாடா, வீடா என்று ஒரே பஞ்சாயத்து. அவருக்கு ஒரு சட்டம், நடராஜனுக்கு ஒரு சட்டமா என்று கவாஸ்கர் எழுதினார். நியாயமான கேள்விதான். ஆனால் பாருங்கள், அதுவும் இரண்டு ஆண்களுக்கு நடுவில் பேசிய நியாயம். பிள்ளை பெற்றவர்கள் அந்தப் பஞ்சாயத்தில் எந்தப் பக்கமும் இல்லை.

ஆடுகிறவளே பிள்ளையும் பெற வேண்டும் என்றால்? 2022 செஸ் ஒலிம்பியாட்டுக்கு மாமல்லபுரம் போனவர்கள் இந்திய அணியில் ஆடிய ஹரிகாவைப் பார்த்திருப்பீர்கள். நிறைமாத வயிற்றோடு, நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப்போட்டு, பலகையை எட்டி எட்டிக் காய் நகர்த்தவேண்டிய நிலை. செஸ்தானே, உட்கார்ந்து ஆடுவதுதானே என்பவர்கள் ஒன்பதாம் மாதத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை. அணி வெண்கலம் வென்றது. அந்த மாதமே மகளும் பிறந்தாள்.

நம்ம சென்னை தீபிகா பள்ளிக்கல் 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தைகள் பெற்றார். மறு ஏப்ரலில் கிளாஸ்கோவில் உலக இரட்டையர் ஸ்குவாஷில் இரண்டு தங்கம். கணவர் தினேஷ் கார்த்திக் மூன்று வருஷம் கழித்து இந்திய அணிக்குத் திரும்பியதும் அதே வருஷம்தான். டீக்கடையில் எதைப் பற்றிப் பேசினோம் என்று உங்களுக்கே தெரியும். 'வீட்டில் குழந்தைகளை யார் பார்க்கிறார்கள்' என்று கார்த்திக்கை மடக்கிக் கேட்ட நிருபரை நான் பார்த்ததில்லை.

சரி, பெரிய ஆட்கள் கதை போகட்டும். என்னிடம் வாலிபால் ஆடிய ஒரு பெண், மாவட்ட அணிக்கு அடித்து ஆடியவள், இன்னொரு வாலிபால்காரனையே கட்டிக்கொண்டாள். ஜாடிக்கேற்ற மூடி என்று மேடையேறி வாழ்த்தி, பந்தியில் ரெண்டாம் முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டு வந்தேன். 'இனிமேல் ரெண்டு பேரும் ஆடுவீங்களாப்பா' என்று மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

அவன் இன்னும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிரவுண்டுக்கு வருகிறான். போன மாதம் அவளைக் கடைவீதியில் பார்த்தேன். முழங்காலுக்குப் போடும் நீ-கேப் ஒன்று வாங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். 'திரும்ப ஆடப்போறியாம்மா?' என்றேன்.

'அவருக்கு சார்' என்றாள்.