பள்ளிக்கூடத்துச் சாவி

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, ராகி அடிக்கும் நாளிலும் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம்.

தருமபுரி முன்னேற முதலில் வேண்டியது பிள்ளைகளின் படிப்பா, பெரியவர்களின் படிப்பா? பெரியவர்களின் படிப்பே என்று சொல்ல வந்திருக்கிறேன். எதிரணி நண்பர் மூன்று செய்திகளை வைத்தார். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்றார். இருக்கிற பணத்தைப் பள்ளிக்கூடத்தில் போட்டால் இருபது, முப்பது ஆண்டுகளில் எழுதப் படிக்கத் தெரியாதவரே இந்த மாவட்டத்தில் இருக்கமாட்டார் என்றார். கைப்பேசியே படித்துச் சொல்லும் காலத்தில் கிழவிக்கு எதற்கு அரிச்சுவடி என்றும் கேட்டார்.

இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு பதறியது. முப்பது ஆண்டுகளில் அவர்கள் எப்படி இல்லாமல் போவார்கள்? இறந்துபோவார்கள். அதைத்தான் நண்பர் வளர்ச்சித் திட்டம் என்கிறார்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 சதவீதம். தருமபுரிக்கு 68.5. மாநிலத்திலேயே கடைசி இடம். பக்கத்துக் கிருஷ்ணகிரி 71.5. நம் மாவட்டத்துப் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு எழுத்து தெரியவில்லை. அந்த நான்கு பேரும் கிழவிகள் அல்லர், நடுவர் அவர்களே. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன தாய் தகப்பனோடு சென்று, தம்பியைத் தூக்கி வளர்த்து, இரண்டாம் வகுப்போடு நின்றுபோனவர்கள் அவர்களில் எத்தனை பேர்! இன்று நாற்பது வயதில் இருக்கும் அப்படி ஒருவருக்கு இன்னும் முப்பது ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. அத்தனை ஆண்டும் கடன் பத்திரமும் மருந்துச் சீட்டும் பட்டாவும் அவர் கைக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.

வளையாது என்கிறீர்களே! காலை முதல் மாலை வரை குனிந்து களை பறித்து, முதுகே கூன் விழுந்த பெண்ணைப் பார்த்தா வளையுமா என்று கேட்கிறீர்கள்?

என் தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக முளைத்த இடம் இந்தத் தருமபுரி மாவட்டம்தான். 1989இல், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. பிறகுதான் அது மற்ற மாவட்டங்களுக்குப் போனது. பென்னாகரம் பக்கத்தில் எங்கள் ஊரிலும் ஒரு குழு அமைந்தது. உறுப்பினர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அப்போது நான் ஏழாம் வகுப்பு. என் பழைய நோட்டில் அம்மா தம் பெயரை எழுதிப் பழகினார். மூன்று வாரம் ஆனது. ஊரே மெச்சியது. ஆனால் அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தை நீட்டியபோது அம்மா பேனாவை வாங்கவில்லை. “இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? கைநாட்டு வைத்தபோதாவது படித்துக் காட்டிவிட்டு விரலைப் பிடித்தார்கள். இப்போது படித்துக்காட்டவும் ஆள் இல்லையே” என்றார்.

எழுத்தறிவு பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இதற்கு மேல் எதுவும் இல்லை. பெயர் எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு, கணக்கில் ஒன்று கூடிவிட்டது என்று நாம் போய்விடுகிறோம். அவர் நிலையோ முன்பைவிட ஆபத்தாகிவிடுகிறது.

அம்மா விடவில்லை. ஓராண்டில் எழுத்துக் கூட்டிப் படித்தார். என் அக்காவுக்குப் பதினைந்து வயதில் மாப்பிள்ளை கேட்டு உறவினர்கள் வந்தார்கள். பதினெட்டுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் கூடாது என்ற துண்டறிக்கையைக் குழுவில் கொடுத்திருந்தார்கள். அதை எல்லோர் முன்னும் விரல் வைத்து, திக்கித் திக்கிப் படித்துக்காட்டினார். அக்கா பள்ளிக்குத் திரும்பினாள். நண்பரே, நீங்கள் கேட்கும் பிள்ளைகளின் படிப்பை அன்று காப்பாற்றியவர் முப்பத்தெட்டு வயது மாணவி.

எங்கள் பக்கம் ஒரு குறை உண்டு. அதை மறைக்கமாட்டேன். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தது. தெருவிளக்கடியில் வகுப்புகள் நடந்தன. இயக்கம் ஓய்ந்ததும், கற்றவர்களில் பலர் எழுத்தை மறந்துபோனார்கள். படிக்க எதுவும் கையில் கொடுக்காமல், படித்ததை நினைவில் வை என்றால் எப்படி நடக்கும்? இப்போது 2022 முதல் 2027 வரை புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்கிறது. பதினைந்து வயதைத் தாண்டிய எவரும் சேரலாம். சொல்லிக்கொடுப்பவர்கள் தன்னார்வலர்கள், நானும் ஒருத்தி. இதில் அடிப்படை எழுத்தறிவு ஒரு பகுதிதான். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், தொடர்கல்வி எல்லாம் ஏட்டில் இருக்கின்றன. ஏட்டில் இருப்பது ஊருக்கு வர வேண்டும். பாலக்கோட்டுத் தக்காளி விவசாயிக்குப் பூச்சிமருந்துப் புட்டியின் மேல் உள்ள அளவைப் படிக்கத் தெரிய வேண்டும். அவர் பத்தாம் வகுப்பு தேறியவராக இருந்தாலும் சொட்டுநீரும் பயிர்க் காப்பீடும் அவருக்குப் புதுப் பாடம்தானே!

ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்கள் நமக்குத் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. அதற்கு முன், குடிக்க உகந்தது அல்ல என்று எழுதிய பலகைக்குக் கீழேயே குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கைப்பேசி படித்துச் சொல்லும், உண்மைதான். அதே கைப்பேசியில் வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஒருவன் ரகசிய எண்ணைக் கேட்கும்போது, வந்த செய்தியில் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எழுதியிருப்பதை யார் படிப்பது?

இருக்கிற பணத்தைப் பள்ளிக்கூடத்தில் போட வேண்டும் என்றார் நண்பர். எங்கள் ஊர்ப் பள்ளியைச் சாயங்காலம் பூட்டிவிடுகிறார்கள். கட்டடம் இருக்கிறது, கரும்பலகை இருக்கிறது, விளக்கு இருக்கிறது. பிள்ளைகள் போன பிறகு அவர்களுடைய தாய்மார்கள் வந்து உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு எந்தப் பங்கும் குறையாது. அந்தச் சாவியைக் கேட்டு வாங்க எனக்கு மூன்று மாதம் ஆனது. மாடு கறந்து, சோறாக்கி முடித்து ஏழரைக்கு வருகிறார்கள். பதினாறு பேர். அதில் நான்கு பேருக்கு இன்னும் எழுத்துப் பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கைபிடித்து எழுதவைக்க ஆள் வேண்டும். நாளை வகுப்பு இருக்கிறது, நண்பரே. நீங்கள் வாருங்கள்.