திகதி யார் கையில்?

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வீடியோ கேம் பற்றிக் கேட்க இவ்வளவு பேர் வருவீர்கள் என்று கூட்டத்தை ஒழுங்கு செய்தவர்களே நினைத்திருக்க மாட்டார்கள். பின்வரிசையில் சில அம்மாமாரும் இருக்கிறீர்கள். பிள்ளை ஏன் விடிய விடிய விளையாடுது என்று கேட்க வந்திருந்தால் மன்னிக்கவேண்டும், நான் கதைக்கப்போவது வேறு விஷயம்.

ஒரு கேம் மோசமாக வந்தால் நாங்கள் முதலில் திட்டுவது பப்ளிஷரை, அதாவது காசு போட்டு கேமை வெளியிடும் கொம்பனியைத்தான். காசு போட்டவன் கெடுத்துவிட்டான், செய்கிறவர்களை அவர்கள் பாட்டில் விட்டிருந்தால் தங்கமாய் வந்திருக்கும் என்று. இதில் பாதிதான் உண்மை. வெளியிடும் திகதியைத் தள்ளிவைக்க யாருக்கு அதிகாரம் இருந்தது, அந்த ஆள் அந்த கேமை விளையாடிப் பார்த்தவரா? நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

1982இல் அட்டாரி கொம்பனி 'ஈ.டி.' படத்தைக் கேமாக்க உரிமை வாங்கியது. பேரம் படியும்போதே ஜூலை கடைசி, நத்தாருக்குப் பெட்டி கடையில் இருந்தாகவேண்டும், ஆகவே ஹொவர்ட் ஸ்கொட் வோர்ஷோ என்ற புரோகிராமருக்குக் கிடைத்தது வெறும் ஐந்து வாரம். கலியாண மண்டபத்தைப் பதிந்துவிட்டு மாப்பிள்ளை தேடின கதை. அதே மனிதர் அதற்கு முன் செய்த 'யார்ஸ் ரிவெஞ்ச்' அட்டாரியின் நல்ல கேம்களில் ஒன்று, ஆகவே ஆளில் குறை இல்லை. விற்காத கார்ட்ரிட்ஜ்களை, அதாவது கேம் பதிந்த பெட்டிகளை, 1983இல் நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரின் குப்பைமேட்டில் புதைத்தார்கள், 2014இல் தோண்டி எடுத்தார்கள்.

அதே அட்டாரியில்தான் பெட்டியில் பெயரும் இல்லை, விற்பனையில் பங்கும் இல்லை என்று வெறுத்துப்போன நாலு புரோகிராமர்கள் 1979இல் வெளியேறி அக்டிவிஷனைத் தொடங்கினார்கள். பிறகு அதுவே வருடத்துக்கு ஒரு 'கோல் ஒஃப் டியூட்டி' என்று பல ஸ்டூடியோக்களை ஒரே வேலையில் கட்டிப்போடுகிற பெரிய பப்ளிஷராகி, 2023இல் 68.7 பில்லியன் டொலருக்கு மைக்ரோசொஃப்டிடம் போய்ச் சேர்ந்தது. இதற்குத் தனி மேடை வேண்டும், விடுங்கள்.

சரி, சுதந்திரம் இருந்தால் எல்லாம் சரியாகுமா? 'டியூக் நியூக்கெம் ஃபொரெவர்' என்ற கேம் 1997இல் அறிவிக்கப்பட்டது. அதைச் செய்த த்ரீடி ரெல்ம்ஸ் ஸ்டூடியோவிடம் முந்தைய கேமில் வந்த சொந்தக் காசு இருந்தது, முடிந்தால்தான் வரும் என்று சொல்கிற தைரியமும் இருந்தது. கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளான எஞ்சினை மாற்றினார்கள், புதிதாய் எதைப் பார்த்தாலும் அதையும் சேர்த்தார்கள், போதும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. 2009இல் ஆட்களை அனுப்பிவிட்டார்கள், கடைசியில் வேறு ஸ்டூடியோ முடித்து 2011இல் வந்தபோது அது பழைய சாமான்.

'சைபர்பங்க் 2077' இன்னும் நல்ல பாடம். போலந்தின் சிடி புரொஜெக்ட் தன் கேமைத் தானே வெளியிடுகிற கொம்பனி, திட்டுவதற்குத் தனியாக ஒரு பப்ளிஷர் இல்லை. ஆனால் அது பங்குச்சந்தையில் இருக்கிறது, 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள், 2020இல் மட்டும் மூன்று தடவை திகதி தள்ளியாயிற்று, நாலாவது தடவை தள்ள முகம் இல்லை. டிசம்பர் 10ஆம் திகதி வந்தது, சோனியின் பழைய பிளேஸ்டேஷன் கருவியில் ஓடவே சிரமப்பட்டது, ஒரு வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. வெளியாள் இல்லாவிட்டாலும் நெருக்கடி வரும், அது உள்ளே இருந்தே வரும்.

லேரியன் என்ற ஸ்டூடியோவைப் பாருங்கள். அவர்களின் 'போல்டர்ஸ் கேட் 3' கேம் முழுமையாகாத நிலையிலேயே 2020 ஒக்டோபரில் விற்பனைக்கு வந்தது. ஏறக்குறைய மூன்று வருடம் ஆட்கள் காசு கொடுத்து விளையாடிக் குறை சொன்னார்கள், இவர்கள் திருத்தினார்கள். கொம்பனியின் பெரும்பங்கு நிறுவனர் ஸ்வென் விங்கேயின் கையில், அவரே கேமின் இயக்குநர். 2023இல் கணினிப் பதிப்பை ஓகஸ்ட் 31இலிருந்து 3ஆம் திகதிக்கு முன்னுக்குக் கொண்டுவந்தார்கள், பிளேஸ்டேஷன் பதிப்பைச் செப்டெம்பருக்குத் தள்ளினார்கள். திகதி தன் கையில் இருந்தால் இப்படி இரண்டு பக்கமும் நகர்த்தலாம்.

தேநீர் நேரத்தில் ஒரு தம்பி கேட்டார், "அண்ணை, காசு தாற ஆள் வந்தால் எடுக்கவா, விடவா?" எடுங்கள். இங்கே பகலில் வெளிநாட்டு வேலை, இரவில் சொந்த கேம் என்று எத்தனை வருடம் இழுக்க ஏலும்? ஆனால் பப்ளிஷர் தருவது பெரும்பாலும் முற்பணம்தான். விற்பனையில் அதைக் கழித்த பிறகே உங்கள் பங்கு தொடங்கும். அந்த முற்பணமும் வேலை முடிய முடியக் கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்தையும் அவர்கள் ஏற்றுக்கொண்டால்தான் வரும். ஆகவே ஒரு கட்டம் பிந்தினால் என்ன நடக்கும், இடையில் நிறுத்தினால் கதாபாத்திரங்களும் எழுதிய புரோகிராமும் யாருக்கு என்று எழுத்தில் கேளுங்கள். போனஸ் எதில் தொங்குகிறது என்றும் பாருங்கள். 2010இல் ஒப்சிடியன் ஸ்டூடியோ பதினெட்டு மாதம்போலக் கிடைத்த நேரத்தில் 'ஃபோல்அவுட் நியூ வேகஸ்' செய்தது. விமர்சகர்களின் புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 வந்தால் போனஸ் என்று பப்ளிஷருடன் ஒப்பந்தம், வந்தது 84. விமர்சகர்கள் போடும் புள்ளியில் உங்கள் சம்பளத்தைக் கட்டவிடாதீர்கள், விற்ற பிரதிகளின் எண்ணிக்கையில் கட்டச் சொல்லுங்கள்.

ஒப்பந்தம் கையில் இருக்கிறவர்கள் கூட்டம் முடிய நில்லுங்கள், இருந்து பார்ப்போம். இப்போது கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.