கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். வயதானவர்களின் எலும்பு, மூட்டுப் பிரச்சினைகளோடுதான் என் நாள் போகிறது. என்னிடம் வருகிறவர்கள் உட்கார்ந்ததும் சொல்கிற முதல் வார்த்தை, "தேய்மானம்."

இந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் சண்டை உண்டு. இரண்டு வேறு கோளாறுகளை இந்த ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம். எலும்பு கெட்டி குறைந்து உள்ளுக்குள் சல்லடையாவது ஒன்று. எலும்புப்புரை என்பார்கள். பெரும்பாலும் முறிகிற வரை வலிக்காது. மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு சிதைவது இன்னொன்று. அது வலிக்கும், காலையில் எழுந்ததும் மூட்டைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் தேய்மானம் என்று சொன்னவுடன் மனதில் செருப்புதான் வருகிறது. நடந்தால் தேயும், எடுத்து வைத்தால் நாளைக்கு ஆகும். அதனால் ஆட்கள் காலைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வெறுங்காலோடு நடந்து பழகியவரின் பாதத்தைப் பார்த்திருப்பீர்கள். செருப்பு தேயும், பாதம் தடிக்கும். உயிருள்ள பொருளின் கணக்கு வேறு. எலும்பும் உயிருள்ளதுதான். பழையதைக் கரைக்க ஒரு வகை செல்கள், புதியதைக் கட்ட இன்னொரு வகை. ஏறக்குறைய 10 ஆண்டுகளில் நம் எலும்புக்கூடு முழுவதுமே புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. 30 வயதையொட்டி உச்சத்தில் இருக்கும் கெட்டி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மாதவிடாய் நின்ற பிறகு சில ஆண்டுகள் பெண்களுக்கு அந்த இறக்கம் வேகமாக இருக்கும்.

சரி, எங்கே கட்டுவது என்று உடல் எப்படி முடிவு செய்கிறது? பாரம் எங்கே விழுகிறதோ அங்கே. ஜூலியஸ் வுல்ஃப் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1892-லேயே இதை எழுதி வைத்தார். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடிமனாக இருக்கும். விண்வெளி வீரர்களுக்கு நேர் எதிர். நீண்ட நாள் தங்கியவர்களின் இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல்கூடக் குறைந்திருக்கிறது. அவர்கள் ஒன்றும் சும்மா படுத்துக் கிடக்கவில்லை. தாங்குவதற்குப் பாரம்தான் இல்லை.

குருத்தெலும்புக்கு வேறு ஒரு சங்கடம். அதற்கு ரத்தக் குழாயே கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம். அழுத்தினால் பிழியும், விட்டால் உறிஞ்சும், ஸ்பாஞ்சு மாதிரி. அசையாத மூட்டுக்கு அந்த ஊட்டமும் குறையும்.

"நான் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறவன்மா, எனக்கு எதுக்கு எக்சர்சைஸ்?" என்று கேட்டார் முழங்கால் வலியோடு வந்த ஒரு பெரியவர். 74 வயது. நடை நல்லதுதான், இதயத்துக்கும் மூட்டுக்கும். ஆனால் பல வருடமாகப் பழகிப்போன அதே நடையில் எலும்புக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நீச்சலும் சைக்கிளும் மூட்டுக்கு இதமானவை, ஆனால் அவற்றிலும் உடல் எடையை எலும்பு தாங்குவது குறைவு. "சரி ஐயா, கையை ஊன்றாமல் எழுந்திருங்கள்" என்றேன். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டார். முன்னால் சாய்ந்தார், இருக்கையிலிருந்து நான்கு விரற்கடை எழும்பினார், தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது. முன்தொடைத் தசை வற்றியிருந்தது. முழங்காலுக்கு அதிர்ச்சி தாங்கியே அந்தத் தசைதான்.

அவருக்குக் கொடுத்த பயிற்சி இதுதான். வழுக்காத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, உயரத்துக்கு ஒரு மெத்தை. நுனிக்கு நகர்ந்து உட்கார வேண்டும். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு கால்விரலுக்கு மேலே வருகிற அளவு சாய்ந்து எழ வேண்டும். எழுவதைவிட உட்காருவது முக்கியம். மனதுக்குள் நான்கு எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்க வேண்டும். முதல் வாரம் ஐந்து முறை. சுலபமானதும் மெத்தையை எடுத்துவிட வேண்டும். அதுவும் சுலபமானால் கையில் கொஞ்சம் எடை. சுலபமாகிப் போனதை அப்படியே செய்துகொண்டிருந்தால் தசையும் எலும்பும் மேலே வளராது.

இந்த வயதிலா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1990-ல் அமெரிக்காவில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கால் வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியது. 65 தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது வலுவும் சமநிலையும் சேர்ந்த பயிற்சி செய்யட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. சமநிலைக்குச் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்றாலே போதும். பிறகு ஒரு விரல் மட்டும் மேடையில். எலும்பு முறிவதற்கு முன்னால் ஆள் விழுகிறார் அல்லவா?

ஒரு விஷயத்தில் நானே தவறியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், எல்லோரையும் குனிந்து கால்விரலைத் தொடச் சொல்வேன். எலும்புப்புரை உள்ளவர்களுக்கு அது ஆகாது. குனியும்போது முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்கும், சத்தமில்லாமல் முறிவு விழும். அவர்களுக்கு முதுகை நிமிர்த்தும் பயிற்சிதான். பெரிய எடைகளும் எலும்பைக் கெட்டிப்படுத்தும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பக்கத்தில் தெரிந்தவர் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள், மூட்டு சூடாக வீங்கியிருப்பவர்கள், மார்பு வலியோ மயக்கமோ வருகிறவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

மற்றவர்களுக்கு வலிதான் அளவுகோல். செய்யும்போது லேசாக வலித்தால் பயமில்லை. மறுநாள் காலையிலும் கூடுதலாக வலித்தால் நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள். நிறுத்திவிட வேண்டாம்.

அந்தப் பெரியவர் நான்கு மாதம் கழித்து வந்தார். கையைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு முறை எழுந்து உட்கார்ந்து காட்டினார். முழங்கால் வலி போய்விட்டதா என்று கேட்டேன். "வலி கொஞ்சம் இருக்கத்தான் செய்யுதும்மா. ஆனா பாத்ரூம்ல எழுந்திருக்க இப்ப யாரையும் கூப்பிடுறதில்ல" என்றார்.

வணக்கம்.