வாயிருந்தால் வங்காளம் போகலாம், வேம்படி இருந்தால் வீடு போகலாம்

தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் குருக்கள் ஐயா, மௌலவி அவர்களே, அருட்தந்தை அவர்களே, மூதூரில் இருந்து இந்த வெயிலிலும் பஸ் பிடித்து வந்திருக்கும் ஆசிரியர்களே, மண்டபமும் தந்து தேநீரும் தந்த அதிபர் அம்மா அவர்களே, போன கூட்டத்தில் நான் நன்றி சொல்ல மறந்துபோன ஒலிபெருக்கித் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

எந்தப் பக்கம் திரும்புவது என்று மனம் எப்படி முடிவெடுக்கிறது? மூளை, கடல், பிள்ளைகள் என்று மூன்று விஷயம் சொல்ல வந்தேன். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள் நம் ஆட்கள். சரி, வாய் கேட்ட வழியை மூளை எங்கே வைக்கிறது? ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், எலி ஓர் இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கிற நரம்புக் கலங்களை 1971இல் ஜான் ஓ'கீஃப் கண்டார். அதற்குப் பக்கத்திலேயே, இடத்தைக் கட்டம் கட்டமாக அளக்கிற கலங்களை மோசர் தம்பதி 2005இல் கண்டார்கள். 2014இல் மூவருக்கும் நோபல் பரிசு. இதை என் பெரியப்பா படித்ததில்லை. திருகோணமலைக் கடலில், கோணேசர் மலை முனையும் கரையில் ஒரு பனையும் நேருக்கு நேர் வந்தால் அங்கேதான் வலை போடுவார். மனம் பிடித்துக்கொள்வது அடையாளத்தைத்தான்.

போன ஆவணியில் ரொறன்ரோவில் இருந்து வந்த மருமகனோடு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனேன். கைபேசி வரைபடம் எங்களை ஓர் ஒழுங்கைக்குள் விட்டது. முன்னால் கடல், கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளம், சாக்கில் நெத்தலி காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா. வாயிருந்தால் வங்காளம் போகலாம் அல்லவா, கேட்டேன். மீனில் இருந்த கையை எடுக்காமல் நாடியாலேயே காட்டினார்: "வேம்படியால சோத்துக்கைப் பக்கம் திரும்புங்கோ." மருமகனுக்குச் சோத்துக்கையையும் நான்தான் விளக்கினேன். அப்புறம் அந்த வீதியில் மூன்று தடவை மேலும் கீழும் போனோம், வேம்பே இல்லை. சைக்கிளில் வந்த ஒரு பொடியனிடம் கேட்டால், காலை ஊன்றிக்கொண்டு, "இதுதான் வேம்படி" என்கிறான். "மரம் எங்கடா?" "அது நான் பிறக்க முந்தியே வெட்டிப்போட்டாங்கள்." அவன் காலுக்குக் கீழே கானை மூடிய கொங்கிரீட் தட்டு. பார்த்தே இராத மரத்தில் அந்தப் பிள்ளை தினமும் திரும்புகிறான், ஐயா! அந்த அம்மாவின் பேச்சில் நிற்கிற மரம் அவன் மனதிலும் நிற்கிறது. வெளியில் இருந்து வருகிறவனுக்குத்தான் ஒன்றுமே இல்லை.

வீதி போடுகிறவர்களிடம் நான் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பதும் இதைத்தான். வீதி அகலிக்கும்போது சந்தி மரத்தைச் சுற்றிப் போகட்டும். வெட்டிய இடத்தில் அதே மரத்தின் கன்று ஒன்று வைக்கட்டும். ஊர் சொல்லுகிற பெயரைப் பலகையில் தமிழில் எழுதட்டும். மடத்தடி என்றால் மடத்தடி என்றே எழுதட்டும். வாயிருந்தால் வங்காளம் போகலாம்தான், ஆனால் வாய் சொல்கிற இடம் கண்ணுக்கும் தெரிய வேண்டாமா?

கதவோர மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. உங்கள் சந்தியின் பழைய பெயரையும், அங்கே நின்ற மரத்தையும் எழுதிவிட்டுப் போங்கள். எழுபது தாண்டியவர்களுக்கு முதலில் இடம் விடுங்கள்.