பத்தடி தூரத்தில் கிடந்த தம்பியைக் கண்டுபிடிக்க 18 நாள்: வீடு நிறையப் பொருள் குவிக்கும் முதியவர்களுக்குச் சமூகப் பணியாளர் எப்படி உதவுகிறார்?

[திரையில்: கறுப்பு வெள்ளைப் படம், ஒரு தெருமுனையில் கூடி நிற்கும் கூட்டம்]

வணக்கம். 1947ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள், நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், ஐந்தாம் அவென்யூவும் 128ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த ஒரு பெரிய வீட்டுக்குள் யாரோ இறந்து கிடப்பதாகக் காவல்துறைக்குத் தகவல் வந்தது. வாசல் வழியாக உள்ளே காலெடுத்து வைக்கக்கூட இடமில்லை; செய்தித்தாள் கட்டுகளும் உடைந்த மேசை நாற்காலிகளும் பெட்டிகளும் சுவர்போல வழியை அடைத்திருந்தன. கடைசியில் மாடி ஜன்னல் வழியாக நுழைந்த ஒரு காவலர், ஹோமர் காலியர் என்ற 65 வயது முதியவரின் உடலைக் கண்டார். அவர் பார்வை இழந்தவர், நடக்கவும் முடியாதவர். அவரைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்ட தம்பி லேங்லியை மட்டும் காணவில்லை. ஊரெல்லாம் தேடினார்கள், அடுத்த மாநிலத்திலும் தேடினார்கள். ஏப்ரல் 8ஆம் நாள், அண்ணன் கிடந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், குவியலுக்கு அடியில் அவருடைய உடல் கிடைத்தது. அண்ணனுக்கு உணவு எடுத்துக்கொண்டு ஊர்ந்து போகையில், திருடர்களுக்காகத் தானே கட்டிவைத்திருந்த பொறி சரிந்து அவர்மீதே விழுந்திருக்கிறது. உணவு கொண்டுவர ஆளில்லாமல் அண்ணனும் சில நாளில் இறந்திருக்கிறார்.

அந்த வீட்டிலிருந்து 100 டன்னுக்கும் மேலான பொருள்களை அகற்றினார்கள். அவற்றில் 14 பியானோக்கள் இருந்தன என்பதைத்தான் எல்லோரும் வியந்து சொல்வார்கள். என் மனம் அந்தச் செய்தித்தாள் கட்டுகளிலேயே நின்றுவிடுகிறது. இத்தனை தாள்கள் எதற்கு என்று கேட்டபோது, அண்ணனுக்குப் பார்வை திரும்பும் நாளில் விட்டுப்போன செய்திகளையெல்லாம் அவர் படிக்க வேண்டும் என்று லேங்லி சொல்லியிருக்கிறார். பார்வை திரும்பிவிடும் என்று நம்பி, வாரத்துக்கு 100 ஆரஞ்சுப் பழங்களை அண்ணனுக்குக் கொடுத்தும் வந்திருக்கிறார். வெளியே நின்று பார்த்தவர்களுக்குக் குப்பையாகத் தெரிந்த அந்தக் காகிதங்களை, ஒரு தம்பி தன் அண்ணனுக்காக எடுத்துவைத்திருந்தார். இன்றைய வீடியோவில் நான் சொல்லப்போவதை விளங்கிக்கொள்ள இந்த ஒரு செய்தி போதும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொருள்களைக் கழிக்க முடியாமல் தவிப்பதும், அதனால் வீட்டின் அறைகள் வாழப் பயன்படாமல் போவதும் ஒரு தனி மனநலக் கோளாறு என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல்தான் ஏற்றுக்கொண்டது. தபால்தலை சேர்ப்பவர் தம் சேகரிப்பை வகைப்படுத்தி, அடுக்கி, வருபவருக்கெல்லாம் காட்டி மகிழ்வார்; இக்கோளாறு உள்ளவரோ யாரும் வந்துவிடக் கூடாதே என்று வாசல் கதவைச் சாத்தியே வைத்திருப்பார். பொதுவாக மக்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிடம் காணப்படும் இது, முதுமையில் நூற்றுக்கு ஆறு பேரை எட்டுகிறது என்று 2017இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியது.

முதுமையில் ஏன் கூடுகிறது? பெரும்பாலும் இப்பழக்கம் சிறுவயதிலோ இளமையிலோ தொடங்கிவிடுகிறது. ஆனால் வீட்டில் இன்னொருவர் இருக்கும்வரை அவர் ஏதாவது ஒன்றை ஒழித்துக்கொண்டே இருப்பார். கணவரோ மனைவியோ காலமான பிறகு அந்தக் கை இல்லாமல் போகிறது. மூட்டு வலியால் பெட்டியைத் தூக்க முடிவதில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் திறனும் தளர்கிறது. வரவு நிற்பதில்லை, போக்கு மட்டும் அடைபட்டுவிடுகிறது.

இந்த முடிவெடுப்பதைப் பற்றி அருமையான ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் டேவிட் டாலின் என்ற உளவியலாளரின் குழு, பங்கேற்றவர்களை அவரவர் வீட்டுக்கு வந்த பழைய தபால்களைக் கொண்டுவரச் சொன்னது. அவர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, ஒவ்வொரு தாளாகக் காட்டி, வைத்துக்கொள்வதா, நறுக்கிப் போடுவதா என்று கேட்டார்கள். இடையிடையே வேறு யாருக்கோ வந்த தபாலையும் காட்டினார்கள். பொருள் குவிப்பவர்களின் மூளையில், எது முக்கியம் என்று எடைபோடும் பகுதிகள் பிறருடைய தாளைப் பார்த்தபோது வழக்கத்தைவிட மந்தமாக இருந்தன. தம்முடைய தாளைக் கண்டதும் அளவுக்கு மீறிக் கிளர்ந்தன. 2012இல் இது வெளியானது. ஒரு விளம்பரத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் யோசிக்கும் முதியவரைப் பார்த்துச் சோம்பேறி என்று இனி நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

[திரையில்: குப்பை லாரி, அதன் பின்னால் திறந்து கிடக்கும் வீடு]

பிள்ளைகள் செய்யும் முதல் தவறுக்கு வருவோம். அம்மாவை இரண்டு நாள் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆளும் லாரியும் வைத்து வீட்டைக் காலி செய்துவிடுவது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிறு நகரத்தின் சுகாதாரத் துறை, தன் நிதியின் பெரும்பகுதியான 16,000 டாலரைச் செலவழித்து ஒரே ஒரு வீட்டைச் சுத்தம் செய்தது. 18 மாதத்தில் வீடு பழைய நிலைக்கே திரும்பியது. அங்கே பணம் போனது ஒரு புறம் இருக்கட்டும். அந்த வீட்டுக்காரர் இனி எந்த அதிகாரிக்காவது கதவைத் திறப்பாரா? நம்பிக்கை போன இடத்தில் உதவியும் போகாது. தம்மைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள் என்ற துயரம் முதியவர்களை எவ்வளவு நொறுக்கும் என்பதை, போகிக்கு முதல் நாள் பரணைக் காலி செய்த எந்த வீட்டிலும் நீங்கள் பார்த்திருக்கலாம்.

ஆகவே சமூகப் பணியாளரின் வேலை கதவிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவில் பக்கத்து வீட்டுக்காரரோ தீயணைப்புத் துறையோ வீட்டு உரிமையாளரோ முறையிட்டால், முதியோர் பாதுகாப்புச் சேவையின் பணியாளர் ஒருவர் வருவார். முதல் முறை உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்றே பேசிவிட்டுத் திரும்புவார், அடுத்த வாரம் மறுபடி வருவார். தெளிவான மனநிலை உள்ள முதியவர் வேண்டாம் என்று மறுத்தால் அதை மீற அவருக்கு அதிகாரம் இல்லை. மறதி நோய் போன்றவற்றால் முதியவரின் விளங்கிக்கொள்ளும் ஆற்றலே குறைந்திருக்கிறதா என்று கண்டறிவதும் அவருடைய பொறுப்பு. அப்படி இருந்தால் மருத்துவர், நீதிமன்றம் என்று வழியே வேறாகிவிடும். உள்ளே நுழைந்த பிறகு எந்தப் பொருளையும் கேட்காமல் தொட மாட்டார். குப்பை என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே வராது.

பிறகு ஒரு படத் தாளை எடுப்பார். இதை உருவாக்கியவர்களில் இருவர் முக்கியமானவர்கள்: ராண்டி ஃப்ராஸ்ட் என்ற உளவியலாளர், பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் சமூகப் பணிப் பள்ளித் தலைவராக இருந்த கெயில் ஸ்டெக்கெட்டி. கூடம், சமையலறை, படுக்கையறை ஒவ்வொன்றுக்கும் ஒன்பது படங்கள். முதல் படத்தில் அறை காலியாக இருக்கும், ஒன்பதாவதில் கூரையை எட்டும் குவியல். உங்கள் அறை இதில் எதைப்போல் இருக்கிறது என்று முதியவரையே விரலை வைக்கச் சொல்வார். நான்காவது படமோ அதற்கு மேலோ என்றால் கவனிக்க வேண்டிய நிலை. இந்தப் படத் தாள் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, ஏனென்றால் கொஞ்சம் அதிகம், ரொம்ப மோசம் என்ற வாதமே அங்கே எழுவதில்லை. மகளும் தாயும் ஒரே எண்ணைப் பற்றிப் பேசலாம்.

அடுத்து, எங்கே தொடங்குவது? உயிருக்கு ஆபத்தான இடத்தில். மெல்போர்ன் தீயணைப்புத் துறைக்காக நடந்த ஆய்வு ஒன்றில், பத்தாண்டுகளில் நேர்ந்த வீட்டுத் தீ விபத்துகளில் இப்படிப்பட்ட வீடுகளின் பங்கு 0.25 சதவீதம்தான், ஆனால் தடுத்திருக்கக்கூடிய தீ மரணங்களில் 24 சதவீதம் அந்த வீடுகளில் நேர்ந்தவை. எனவே முதலில் அடுப்பைச் சுற்றி, ஹீட்டரைச் சுற்றி, பிறகு படுக்கையிலிருந்து கழிப்பறைக்கும் வாசலுக்கும் போகும் வழி. ஸ்ட்ரெச்சர் நுழையும் அளவுக்கு அந்த வழி வேண்டும். வீடு பளிச்சென்று ஆக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. முதியவர் இடறி விழாமல், நெருப்பில் சிக்காமல், அதே வீட்டில் வாழ வேண்டும் என்பதே இலக்கு. வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்லிக் கெடு வைத்திருந்தால், இது ஒரு உடல்நல, மனநலக் குறைபாடு என்று காட்டி, அமெரிக்க நியாய வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் கூடுதல் கால அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதுவதும் சமூகப் பணியாளர்தான்.

இனி அந்த வேலையைக் கிட்டே நின்று பார்ப்போம். இது பல வீடுகளில் நடப்பதை ஒன்றாகச் சேர்த்து நான் எழுதிய காட்சி. 78 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள். சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் மட்டும் ஒரு தட்டு வைக்கும் அளவு இடம். அங்கே ஒரு காலணிப் பெட்டி. சமூகப் பணியாளர் நின்றுகொண்டே கேட்கிறார், இன்று இந்த ஒரு பெட்டி மட்டும் பார்ப்போமா? ஆசிரியை சம்மதிக்கிறார். முதலில் ஒரு சலுகைக் கூப்பன், காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆனது. பணியாளர், இதை எறிந்துவிடலாம் என்று சொல்வதில்லை. இதை விட்டால் எவ்வளவு பதற்றம் வரும், பத்துக்கு எத்தனை என்று கேட்கிறார். ஏழு என்கிறார் ஆசிரியை. சரி, மேசையின் அந்தப் பக்கம் வையுங்கள், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்போம். அவர் தம் வகுப்பைப் பற்றிப் பேசுகிறார். கால் மணி நேரம் கழித்து மறுபடி கேட்டால் நான்கு என்கிறார். இப்போது அவரே எழுந்து அதைப் பையில் போடுகிறார். பதற்றம் தானாகத் தணியும் என்பதை எந்த அறிவுரையாலும் அவருக்குச் சொல்லிப் புரியவைத்திருக்க முடியாது, அதை அவர் உடம்பே அறிய வேண்டும். அடுத்து ஒரு மருந்துக் கடை ரசீது. பின்பக்கம் திருப்பினால் பால், ரொட்டி, பல்பு என்று கணவர் கையால் எழுதிய பட்டியல். இதற்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்க வேண்டியதில்லை. இதை எங்கே வைத்தால் நீங்கள் தினமும் பார்க்க முடியும் என்று பணியாளர் கேட்கிறார். ஆறு ஆண்டுகளாக ரசீதுகளுக்கு நடுவே புதைந்து கிடந்த அந்தக் கையெழுத்து, அன்று மாலை ஒரு படச் சட்டத்துக்குள் போய் சுவருக்கு வருகிறது. ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்த தாள்கள் முப்பதுகூட இருக்காது. போகும்போது பையைத் தம்மோடு எடுத்துச் செல்ல பணியாளர் மறப்பதில்லை, ஏனென்றால் இரவில் தனிமையில் அந்தப் பை மறுபடி பிரிக்கப்படும்.

இவ்வளவு மெதுவாகப் போனால் பலன் உண்டா? சான் டியாகோவில் கேத்தரின் அயர்ஸ் என்ற உளவியலாளர் முதியவர்களுக்கென்றே ஒரு சிகிச்சை முறையை வகுத்தார். நாட்குறிப்பு வைத்தல், வேலையை வரிசைப்படுத்துதல் போன்ற பயிற்சிகளால் முடிவெடுக்கும் திறனை முதலில் வலுப்படுத்திவிட்டு, பிறகு நாம் பார்த்ததுபோலப் பொருளைக் கையிலெடுத்துப் பிரிக்கும் முறை அது. 2018இல் வெளியான சோதனையில் அந்தச் சிகிச்சை அறிகுறிகளை 38 சதவீதம் குறைத்தது. வீட்டுக்கே சென்று பாதுகாப்பையும் அன்றாடத் தேவைகளையும் கவனிக்கும் முதியோர் பராமரிப்புப் பணி 25 சதவீதம் குறைத்தது. முதல் எண்ணைப் பார்த்துப் பலர் மகிழ்வார்கள். எனக்கு இரண்டாவது எண்ணே பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் சிறப்புச் சிகிச்சை கிடைக்காத ஊர்களிலும் வாரம் தவறாமல் வரும் ஒருவரை ஏற்பாடு செய்ய முடியும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருந்தால், அவருடைய அடுப்படியும் வாசல் வழியும் எப்படி இருக்கின்றன என்பதை மட்டும் கீழே கருத்தில் எழுதுங்கள், பெயர் வேண்டாம். அடுத்த வீடியோவில் அதிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த ஆசிரியையிடம் ஏழு மாதம் கழித்துப் பணியாளர் மறுபடி படத் தாளை நீட்டுகிறார். முதல் நாள் ஏழாவது படத்தில் நின்ற விரல் இன்று ஐந்தாவதில் நிற்கிறது. மேசையில் இரண்டு தட்டுகள் வைக்கலாம். பணியாளருக்காக ஒரு நாற்காலியை ஆசிரியையே ஒழித்து வைத்திருக்கிறார், அதன்மேல் இருந்த பெட்டிகள் எங்கே போயின என்று பணியாளர் கேட்கவில்லை, உட்காருகிறார்.